அப்பாசாமியின் நாய்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. காஜா பேராங் முன்னாள் சிப்பாய்கள் இல்லத்தில் அப்பாசாமியின் நாயைக் கண்டதும் மேற்பார்வையாளர் பொன்னுதுரைக்குக் கோபம் வந்தது.

“சண்டையில பட்டது கனவுல வந்து அலற வைக்குதுங்க. இது குரைச்சாத்தான் முழிப்பு வரும்,” என்றார் அப்பாசாமி.

“பக்கத்துக் கட்டில் உமர் தொழுவுற மனுசன். அவருக்காகவாச்சும் நாய் கூடாதுலா.”

உமர் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அப்பாசாமி நாயை ஜாலான் பெண்டஹாரா வீதிக் கடைக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தார்.

உமருக்கு உபகாரம் செய்த திருப்தியோடு மறுநாள் வந்தார் பொன்னுதுரை. “ராத்திரி நீங்க அலறுனது கேட் வரைக்கும் கேட்டுச்சாமே?”

“நான் நல்லாத்தான் தூங்குனேன் ஐயா. அலறுனது உமரு. அவன் நாய் வச்சிருந்தா அவங்க ஆளுங்க ஏசுவாங்கன்னுதான் என் நாயின்னு சொல்லிட்டிருந்தேன்.”

உமர் தலை நிமிராமல் கேட்டார்: “அங்க அது சாப்பிடுதாமா, சாமி?”