தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

“என் மகனா இருக்கிற வரைக்கும் அவனுக்கு நல்லது நடக்காதுனு ஜோசியர் சொல்லிட்டாரு. தவிட்டைக் குடுத்து நீ வாங்கிக்க, துளசி,” என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

முப்பத்தெட்டு வயதுத் துளசி, டாக்டர்களைப் பார்த்து ஓய்ந்து, வாடகைத் தாய் வரைக்கும் விசாரித்தவள். அசாம் ஜாவா பட்டணம் முழுக்கக் கடை கடையாக அலைந்து தவிடு வாங்கி வந்தாள்.

“பசி தாங்க மாட்டான்லா. தூக்கத்துல எழுப்பினா கத்துவான்.”

“கவலைப்படாதீங்க ஆண்டி. இனி அவன் என் பிள்ளை.”

சாமி படத்துக்கு முன்னால் தவிடு கைமாறியது. துளசிக்குக் கண் நிறைந்தது.

வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, நேற்றுவரை அவள் ‘அண்ணே’ என்று கூப்பிட்ட நாற்பத்தைந்து வயதுச் சிவானந்தம், நரைத்த மீசையோடு வந்து அவள் காலில் விழுந்தான்.

“அம்மா, எனக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க.”

“பண்றேன்டா கண்ணு. ஆனா அடுத்த வருஷமே எனக்குப் பேரன் வேணும், சொல்லிட்டேன்!”