அடுப்படிப் பூட்டு

"அடுப்படியைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கறா சார். அந்தப் புள்ள பசிக்குது, பசிக்குதுன்னு ஊடு ஊடாப் போய் நிக்குது. சித்திக்காரி வேற எப்படி இருப்பா?"

புகார் கொடுத்த பக்கத்து வீட்டு சாமியாத்தாள் பேசிக்கொண்டே வர, நாமக்கல்லிலிருந்து வந்திருந்த குழந்தைகள் நல அதிகாரி பெஞ்சமின் அம்சவேணியின் வாசலில் நின்றார்.

"அடுப்படியைப் பூட்டுறது நெசமா?"

"நெசந்தாங்க."

"கோகிலவாணி எலும்பும் தோலுமா இருக்காளாமே. சோறு போட மனசு வரலையா?"

அம்சவேணி சாவியைக் கையில் எடுத்தாள்.

"பொறவியிலயே அவ ஒடம்புல கொழுப்பு சேராதுங்க. வயிறு நெறஞ்சுதுன்னு சொல்ற ஹார்மோன் கொழுப்புலதான் ஊறுமாம். அது இல்லாம எத்தனை தின்னாலும் பசி அடங்காது, இன்சுலினும் சரியா வேலை செய்யாதுன்னு சேலத்து டாக்டர் சொன்னாருங்க. சக்கரை கண்டபடி ஏறுது. அதான் அளந்து போடறேன்."

"ஊர்ல சொல்லலையா?"

"சொன்னேங்க. ஒல்லிப் புள்ளைக்குச் சக்கரையான்னு சிரிச்சாங்க. இந்த அக்காவுந்தான்."

சாமியாத்தாள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பலா பழுத்ததுலேர்ந்து தெனமும் சுளையும் தேனும் குடுத்தேன்... இன்னைக்கும் தின்னுட்டு எங்கூட்டுலதான் படுத்திருக்குது. வயிறு நெறஞ்சு தூங்குதுன்னு நெனச்சேன்..."

அம்சவேணி ஓடினாள். பாயில் கிடந்தவளை மடியில் போட்டு உலுக்கினாள். தலை தொங்கியது.

"எந்திரி கண்ணு. பசிக்குதுன்னு சொல்லு சாமி. ஒரே ஒரு வாட்டி பசிக்குதுன்னு சொல்லு."