வென்றவரின் சிறுநீர்

மூன்றாவது போத்தல் தண்ணீரையும் குடித்துவிட்டு, "இன்னும் வரேல்ல சேர்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

வரும்வரை நான் விடமாட்டேன். வென்றவரோடு கழிவறைக்குள் போய், அவர் சிறுநீர் கழிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்து, போத்தலில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது என் உத்தியோகம். வெள்ளவத்தையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் விளையாட்டுத்துறை என்பேன். அதற்குமேல் வாய் திறப்பதில்லை.

துப்பாக்கி சுடும் போட்டியில் ஊக்கமருந்தோடு நாங்கள் சாராயத்தையும் தேடுவோம். ஒரு மிடறு உள்ளே போனால் கை ஆடாமல் நிற்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் சோதிக்கச் சங்கத்துக்குக் கட்டுபடியாகாது. முதலாவதாக வருபவரை மட்டும் சோதிப்போம்.

ஸ்ரனிஸ்லாஸ் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவர் ஒரு மிடறு போடாமல் சுட்டதில்லை என்பது ஊரறிந்த விஷயம். எப்போதும் இரண்டாவதாகவே வருவார். என்னிடம் அகப்படாமலிருக்கத்தான் அப்படிச் சுடுகிறார் என்று சொல்லிச் சிரிப்போம்.

இன்று முதலாவதாக வந்துவிட்டார்.

காலையிலிருந்தே அவர் கை நடுங்கியது. துப்பாக்கியைத் தூக்குவார், நடுங்கும், இறக்குவார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்குவார். பார்க்கிற எங்களுக்கே கை வலித்தது. வென்ற பிறகு ஒருவருக்கும் கை கொடுக்காமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

பயத்தில் சிறுநீர் வராமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது. கள்ளனைப் பிடித்த சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருவழியாக வந்தது. விரலெல்லாம் நனைய, மூடியைத் தானே இறுக்கினார்.

"இது எத்தின நாளைக்கு முந்திக் குடிச்சதைக் காட்டும் சேர்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரும் இதுவரை தப்பியதில்லை. ரெண்டு மூண்டு நாள் என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவ்வளவுதானா? நான் குடிய விட்டு மாசமொண்டு ஆகப்போகுது."

அவருடைய மனைவி மேபல் மகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்குளியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாராம். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு முன்னால் சத்தியம் செய்வதும், திருநாள் முடிய அதை மீறுவதும் இவருக்கு வருடாவருடம் வழக்கம். இனி அந்தோனியாரே வந்து சொன்னாலும் நம்பமாட்டேன் என்று மேபல் சொல்லிவிட்டாராம். இவர் காசு கட்டி லேப்பில் சிறுநீர் கொடுத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார். யாருடைய சிறுநீரோ என்று மேபல் லேப் கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கிற சோதனை கொழும்பில் அவருக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. போத்தலைப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஸ்ரனிஸ்லாஸ் கையைக் கழுவித் துடைத்தார். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"அடுத்த மெச் எப்ப சேர்?" என்றார். "அதிலயும் நான்தான் முதலாவதா வரவேணும்."