பிரேமாவின் காது

"சத்தம் கேட்டதும் இந்தப் பட்டனை அமுக்குங்கண்ணா," என்றாள் காது சோதிக்கும் தபிதாள்.

முரளிதரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்ட ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். இப்போதுதான் முதலாளி சுதாகர் பட்டறைக்கு ஒருநாள் லீவு விட்டு, எல்லாரையும் வேனில் ஏற்றிக் காது சோதனைக்காகத் திருத்தணிக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

"ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சுண்ணா," என்று தபிதாள் உரக்கச் சொன்னாள்.

அது அவனுக்குத் தெரிந்ததுதான். அவன் கவலையெல்லாம் அதே பட்டறையின் பின்கட்டில் தறிக்கான நூலைத் தாரில் சுற்றும் மனைவி பிரேமாவைப் பற்றி.

எதையும் அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும். வீட்டில் டிவியைச் சத்தமாக வைப்பதும் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, "எனக்குக் காது மந்தங்க" என்று அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

"அவளுக்கு என்னைவிட மோசம்மா. நல்லா பாரு," என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

பிரேமா உள்ளே போனாள். கனமான கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அவள் கட்டைவிரல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது. சொன்னது புரியாமல் சும்மா அமுக்குகிறாள் என்று நினைத்தான்.

தபிதாள் சிரித்தபடி அவளிடம் தாளைக் காட்டினாள். பிரேமா குனிந்து ஏதோ சொன்னாள்.

கதவைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் தறி இரைச்சலில் அத்தனை வருஷமும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவன் அவன்.

'எனக்கு நல்லா கேக்குதுன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. தனக்கு மட்டுந்தான் இப்படின்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாரு.'

முரளிதரன் சட்டென்று திரும்பி, வாசலில் நின்ற வேனைப் பார்த்தான். அது கலங்கலாகத் தெரிந்தது.

பிரேமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் மந்தந்தானாம்ங்க," என்றாள் அவன் காதருகே.

அவன் தலையாட்டினான்.

சுதாகர் ஆளுக்கு ஒரு ஜோடி காதடைப்பான் கொடுத்துக்கொண்டு வந்தார். முரளிதரன் முதலில் பிரேமாவுக்கு வாங்கி, அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"நாளையிலேர்ந்து இது இல்லாம நீ பட்டறைக்குள்ள வரக் கூடாது."

"போன காதுக்கு இது எதுக்குங்க?"

"போட்டுக்கோன்னா போட்டுக்கோ," என்றான். மூடிய கையை அவன் விடவில்லை.