சிங்கப்பூரில் சாப்பிட்ட நண்டு

"கண்ணாடித் தொட்டியெண்டால் உங்கட வீட்டு அலுமாரி அளவு இருக்கும். அதுக்குள்ள முழுக்க உயிர் நண்டு!"

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் மாக்கிறட் தொடங்கிவிட்டாள். சுற்றிவரப் பத்துப் பெண்கள்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று சிங்கப்பூர் போய், மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவள். பேரனைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைசியில் அங்கே சாப்பிட்ட இந்தியன் கடையில் போய்த்தான் நிற்கும்.

"வாழையிலைச் சாப்பாடு. நான் இருக்கப் போக, ஒரு பெடியன் ஓடிவந்து கதிரையை இழுத்து விடுறான். மருமகன் சொல்லுறார், 'மாமி, எந்த நண்டு வேணுமெண்டு கையைக் காட்டுங்கோ, அதையே சமைச்சுத் தருவினம்' எண்டு..."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியான அன்ரோனெற்றுக்கு வயிறு பற்றி எரிந்தது. "உலை வைச்சிட்டு வந்தனான்" என்று முணுமுணுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். உண்மையில் அடுப்பு இன்னும் மூட்டவேயில்லை.

எரியாமல் என்ன செய்யும்? தலைமன்னாரில் சாஹுல் ஹமீட் முதலாளியின் நண்டு வாடிக் கொட்டகையில் இரண்டு பேரும் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள். உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிற்றால் கட்டிப் பெட்டியில் அடுக்குவது வேலை. பெட்டி கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறும். நண்டுகூட விமானம் ஏறியது. அன்ரோனெற் கொழும்புப் பாதையில் மதவாச்சியைத் தாண்டியதில்லை.

வேலையில் கெட்டிக்காரி யார் என்று பார்த்தால் அதுவும் அன்ரோனெற்தான். இடக்கைக்காரி. மற்றவர்களின் முடிச்சு வலப்பக்கம் விழும், அவளுடையது இடப்பக்கம் விழும். அவள் கட்டிய நண்டு ஒன்றாவது அவிழ்ந்து ஓடியதாகச் சரித்திரம் இல்லை. அப்பேர்ப்பட்டவள் இங்கே சேற்று நாற்றத்தில் கிடக்க, மற்றவள் அங்கே வாழையிலைக்கு முன்னால்!

புதன்கிழமை அயல் வீட்டு வசந்தமலரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அங்கேயும் அதே தொட்டி, அதே வாழையிலை, அதே கதிரை. இந்தத் தரம் அன்ரோனெற்றுக்குத் தலையிடி வந்தது.

"அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்" என்று வீட்டுக்கு வந்து புருசனிடம் கொட்டினாள்.

எட்வேட் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "ஏனப்பா, அவ உனக்கும் வாசச் சவுக்காரம் கொண்டுவந்து தந்தவவெல்லோ?"

"ஓம், தந்தவதான். நண்டு நாத்தம் போகக் குளியடி எண்டு சொல்லாமச் சொல்லியிருக்கிறா!"

எட்வேட் திரும்ப வலைக்குள் குனிந்துகொண்டான்.

மறுநாள் வாடியில் முதலாளி அன்ரோனெற்றின் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாக்கிறட் திரும்ப வேலைக்கு வரட்டுமான்னு கேக்கிறாங்க. புருசன் பெனடிக்றுக்கு முழங்கால் சரியில்லையாம், கடலுக்குப் போறதில்லையாம். புதுசா ஒரு பிள்ளையும் வேலை கேட்டிருக்கு. இருக்கிறது ஒரு பலகை. நீங்க என்ன சொல்றீங்க?"

அன்ரோனெற் கையிலிருந்த நண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

"அவ இப்ப பெரிய கடையளில சாப்பிடுற ஆள், முதலாளி. இனிச் சேத்துக்குள்ள கை வைப்பாவோ? ரெண்டு நாள் வருவா, மூண்டாம் நாள் நிண்டிடுவா. அந்தப் பிள்ளைக்கே குடுங்கோ."

"நீங்க சொன்னா சரிதான்" என்று முதலாளி போய்விட்டார்.

அன்று மத்தியானம் அன்ரோனெற்றுக்கு வெறும் சொதியும் சோறும் அமிர்தமாக இறங்கியது. வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மாக்கிறட் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"எங்கையடி, என்னைக் கண்டால் ஓடுறாய்? உன்னோட தனியக் கதைக்கோணுமெண்டு வந்த நாள் துவக்கம் அலையிறன்."

"வேலையடி" என்றாள் அன்ரோனெற், முகத்தைப் பார்க்காமல்.

மாக்கிறட் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "மற்றவளவைக்கு நான் நண்டு திண்டனான் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். இல்லாட்டிச் சிரிப்பாளவை. நான் அதை வாயிலயும் வைக்கேல்ல."

"ஏன்?"

"தொட்டியில ஒண்டைக் கைகாட்டினனானெல்லோ? பெடியன் அதைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்து காட்டினான். பாத்தால் முடிச்சு இடப்பக்கம்."

அன்ரோனெற் நிமிர்ந்தாள்.

"உன்ர முடிச்சடி! அவ்வளவு தூரத்தில, தெரியாத சனத்துக்கு நடுவில, உன்ர கையையே கண்ட மாதிரி இருந்திச்சு. எனக்கு அழுகை வந்திட்டுது. அதை அவிழ்த்துச் சட்டியில போட எப்பிடி விடுவன்? வேண்டாமெண்டிட்டன். சோறும் சாம்பாரும்தான் திண்டனான். மருமகன் ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்ல."

அன்ரோனெற் இடக்கையை மெல்லச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"சரி, அதை விடு." மாக்கிறட் கண்ணைத் துடைத்தாள். "வாடியில எனக்கு இடமில்லை எண்டு முதலாளி சொல்லிப்போட்டார். ஏனெண்டு தெரியேல்ல. அந்த வேலையை நம்பித்தான் இருந்தனாங்கள். நீ ஒருக்காச் சொல்லிப் பாரன், அன்ரோனெற். உன்ர சொல்லை அவர் தட்டமாட்டார்."