ஆடி அசைந்து போகும் அஞ்சல்

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் முடிவுகளை நோயாளிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் மென்பொருளை அன்சாரி எழுதிக்கொண்டிருந்தான். அனுப்பித் தர இரண்டு சேவைகளைச் சோதித்தான். ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் கொண்டு சேர்த்தது. மற்றது ஆடி அசைந்து போனது. கடைசியாக ஒரு தரம் வேகமானதில், "முடிவு வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை" என்று வாய்க்கு வந்த ஒரு வரியைத் தட்டி அனுப்பினான். பெறுநர் கட்டத்தில் நிஜ நோயாளி ஒருவரின் முகவரி கிடந்தது; அதை மாற்றித் தன்னுடையதைப் போட மறந்திருந்தான். உடனே பதில் வந்தது.

"ரொம்ப நன்றிங்க. நாலு நாளா அம்மாவுக்குப் பச்சத்தண்ணி இறங்கல. இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காங்க."

அந்த அம்மாவின் முடிவு இன்னும் வந்திருக்கவே இல்லை. நடந்ததைச் சொல்லி ஒரு மன்னிப்பை எழுதினான். அடித்து அடித்துத் திருப்பி எழுதினான்.

"எதுப்பா எடுத்துக்கலாம்?" என்று பக்கத்து மேசையிலிருந்து வாசுகி கேட்டாள்.

"வேகமானதுதான்க்கா."

சொல்லிவிட்டு, மன்னிப்பை மெதுவான சேவையில் ஒட்டி அனுப்பினான். அந்த அம்மா சாப்பிட்டு எழும்வரை அது ஆடி அசைந்தே போகட்டும்.