பாலாடை போட்ட சூப்

குடிபோதையில் பைக்கோடு விழுந்த ஞானசேகரின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கி, ஆறு வாரத்துக்கு நீராகாரம் மட்டும்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாய்தான் மூடியிருந்தது, மகளின் சிலேட்டு அவன் கையில் இருந்தது. பதினோரு வருடம் காதால் கேட்டதை அவன் மனைவி எழிலரசி இப்போது கண்ணால் படிக்க வேண்டியிருந்தது.

தக்காளியை வேகவைத்து அரைத்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வடித்தாள். நெய் காய்ச்சுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பாலாடையை அதில் கலக்கி, ஸ்ட்ரா போட்டு நீட்டினாள். ஒருமுறை உறிஞ்சிவிட்டு எழுதினான்: ‘விதை இருக்கு. உங்கம்மா வீட்ல இப்படித்தான் குடிப்பீங்களா?’ மறுபடி வடித்துக் கொடுத்தாள். ‘ஆறிப்போச்சு.’ சூடாக்கிக் கொண்டுவந்தாள். ‘கை வெளங்காதவ.’

சூப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அதை ஒரு சட்டியில் ஊற்றி, பிரெட் துண்டுகளை நெய்யில் சிவக்க வறுத்து அதில் கொட்டி எடுத்துவந்தாள். அதைப் பார்த்ததும் அவன் பதறிப்போய்த் தலையை ஆட்டினான்.

“பயப்படாதீங்க, இது உங்களுக்கு இல்ல. எனக்கு.”

அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கடைவாயில் வைத்து, அவன் காதில் விழும்படி நொறுக்கித் தின்றாள். சட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.